விளக்கு எரியாத கவுண்டர்

அண்ணாச்சி சிங்கப்பூர் போய்விட்டு வந்தால் கடைக்கு ஒரு வினை வந்து சேரும். ஒரு தடவை வாசலில் கும்பிடு போடும் பொம்மை வந்தது. வருகிறவர்களைக் கும்பிட்டதோடு அது நிற்கவில்லை. வெறுங்கையோடு போகிறவர்களையும் தெரு வரைக்கும் துரத்திப் போய்க் கும்பிட்டது. வெட்கப்பட்டு அந்தப் பக்கமே வராமல் போனவர்கள் பலர். இன்னொரு தடவை, கட்டிப் பார்க்காமலே புடவை கட்டிக் காட்டும் கண்ணாடி வந்தது. அதில் எல்லாரும் இளைத்துத் தெரிந்தார்கள். அதனால் கண்ணாடி என்ன விலை என்று கேட்டார்களே தவிர, புடவையை யாரும் கேட்கவில்லை. இந்த முறை மெய்விளக்கு வந்தது.

பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தது. காபி டம்ளர் உயரம், பால் நிறம், உள்ளே ஒரு சின்னக் கண். எதிரே நின்று பேசுகிறவரின் முகத்துத் தோலுக்கு அடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அந்தக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். வாய் ஒன்று சொல்லி மனசு வேறொன்று நினைத்தால் மஞ்சளாகப் பளிச்சென்று எரியும். செம்பருத்தி பட்டு மாளிகையின் ஒவ்வொரு கவுண்டரிலும், விற்பவர் பக்கம் கண் இருக்கும்படி ஒன்றை வைத்துவிட்டு, அண்ணாச்சி எல்லாரையும் மாடிப்படி பக்கத்தில் கூட்டி நிறுத்தினார்.

“திருநெல்வேலியிலேயே பொய் பேசாத ஒரே ஜவுளிக்கடை நம்ம கடைதான். போர்டே வைக்கப் போறேன். தை மாசச் சீசன் வரைக்கும் பாப்பேன். எவன் விளக்கு கம்மியா எரியுதோ அவன் பட்டு செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். எவ விளக்கு ஓயாம எரியுதோ அவ கீழ உள்பாவாடைக்கு இறங்கிக்கிடலாம்.”

‘எவ’ என்று சொல்லும்போது அவர் கண் சண்முகவடிவின் பக்கம் போய் வந்தது.

வடிவு பட்டு செக்‌ஷனுக்கு வந்தபோது தலையில் ஒரு நரைகூட இல்லை. இப்போது கறுப்பு முடியைத்தான் தேட வேண்டும். சம்பளம் கீழே போனாலும் அதேதான். ஆனால் உள்பாவாடை வாங்க வருகிறவர்கள் அவசரத்தில் வருவார்கள், நாடா இருக்கிறதா என்று பார்ப்பார்கள், போய்விடுவார்கள். பட்டு எடுக்க வருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வாரத்தில் வருவார்கள். யார் வீட்டுக் கல்யாணமானாலும் அதில் பாதி நாள் வடிவின் கவுண்டரில்தான் நடக்கும். அந்த இடத்தை விட்டுவிட்டு எங்கே போவாள்?

முதல் நாள் முதல் வாடிக்கையே ஒரு டீச்சர். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றுவிட்டு, “இதுல நான் குண்டாத் தெரியுதேனா?” என்றார்.

“நீங்களா? கொடி மாதிரில்லா இருக்கீங்க மதினி!”

பளிச்.

டீச்சர் விளக்கைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். புடவையை மடித்துக்கூட வைக்காமல் வெளியே போனார்.

அன்றிலிருந்து வடிவின் கவுண்டரில் தினமும் தீபாவளிதான். “ஒங்களுக்குன்னே நெய்ஞ்சது” என்றால் பளிச். எண்பது புடவை பிரித்துப் போட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்தவளிடம் “அதனால என்ன, இன்னொரு நாள் வாங்க மதினி” என்றால், கண் கூசுகிற மாதிரி பளிச். வடிவக்கா கவுண்டருக்கு மேலே ட்யூப்லைட் தேவையில்லை என்று கடையே சிரித்தது.

ஒரு நாள் வைராக்கியமாக உண்மை மட்டுமே பேசிப் பார்த்தாள். “இந்த நிறம் ஒங்களுக்கு எடுபடாது.” “இந்த ஜரிகை அவ்வளவு நல்லதில்ல.” “ஒங்க மருமகளுக்குப் பிடிக்கல, பயந்துக்கிட்டு தலையாட்டுதா.” விளக்கு எரியவே இல்லை. சாயங்காலத்துக்குள் ஒரு மாமியாரும் மருமகளும் கவுண்டரிலேயே சண்டை போட்டு ஆளுக்கொரு ஆட்டோவில் ஏறிப் போனார்கள். உண்மை பேசினால் விளக்கு எரியாது, வீட்டில் அடுப்பும் எரியாது என்று வடிவுக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்த கவுண்டர் மிதுனுடையது. சென்னையிலிருந்து வந்து சேர்ந்த பையன். இருபத்தெட்டு வயதிருக்கும். சிரித்தால் எதிரே நிற்பவர் தன் ரகசியத்தையெல்லாம் தானாகவே எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒருமுறை கேட்ட பெயரை மறக்க மாட்டான், ஒருமுறை கண்டுபிடித்த பலவீனத்தையும் மறக்க மாட்டான். “அக்கா, இந்தத் தளத்துக்கே நீங்கதான் அம்மா மாதிரி” என்று வடிவிடம் காலையில் சொன்னான். மதியம் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டு, “ஒனக்குக் கண்ணு மங்குதாமே, மிதுன் வருத்தப்பட்டுச் சொன்னான்” என்றார். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த ஒரு ரிட்டயர்டு கிளார்க்கிடம், சம்பந்தி வீட்டார் காதில் விழுகிற மாதிரி, “கஷ்டமா இருந்தாச் சொல்லுங்கப்பா, கீழ மலிவு ரகம் இருக்கு” என்று அன்பொழுகச் சொன்னான். அந்த மனிதர் முகம் கறுத்துப் போய், தன் சக்திக்கு மீறிய பட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் மிதுனின் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

“தங்கம்யா! பத்தரைமாத்துத் தங்கம்!” என்றார் அண்ணாச்சி. கூட்டமெல்லாம் அந்தக் கவுண்டருக்குப் போயிற்று. பொய்யே பேசாத பையன் என்று ஊரில் பேச்சு.

தை பிறப்பதற்கு முன்னால் வடிவின் விளக்கு எரிந்து எரிந்து கருகிவிட்டது. பழுது பார்க்க, அதை உருவாக்கிய தமயந்தியே கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். முப்பது வயதுப் பெண். ஒல்லி. எதிரே இருப்பவரைக் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

“பொய்யைக் காட்டுத விளக்குன்னு சொல்லி என் பொழப்பக் கெடுத்துட்டீங்களேம்மா,” என்றாள் வடிவு.

“பொய்யைக் காட்டும்னு நாங்க எங்கயுமே சொல்லலைங்க. உங்க முதலாளியே அப்படி வெச்சுக்கிட்டாரு.” தமயந்தி விளக்கைக் கழற்றிக்கொண்டே பேசினாள். “மனசுல ஒண்ணு இருக்கும்போது வேற ஒண்ணைச் சொன்னா, பெரும்பாலானவங்களுக்கு உள்ளுக்குள்ள முள்ளு மாதிரி ஒரு உறுத்தல் வரும். ஒரு நொடிகூட இருக்காது. இது அந்த உறுத்தலைத்தான் பாக்குது. கெட்ட எண்ணத்துல சொன்னாலும் உறுத்தும், அடுத்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு சொன்னாலும் உறுத்தும்.”

“அப்ப உறுத்தாதவங்க?”

“எரியாது.”

வடிவு மிதுனின் கவுண்டரைப் பார்த்தாள். தமயந்தியும் பார்த்தாள். எழுந்து போய் வாடிக்கைக்காரி மாதிரி அவன் எதிரே உட்கார்ந்து, நாலைந்து புடவை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அவரும் என்னை மாதிரிதான்,” என்றாள்.

வடிவுக்கு விளங்கவில்லை. தமயந்தி புது விளக்கைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அதன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: “நான் இந்தக்காவோட மூத்த பொண்ணு. நேத்துதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. எனக்கு ஆறு விரல்.”

விளக்கு கல்லு மாதிரி இருந்தது. அதை மறுபடி வடிவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“பொறந்ததுல இருந்தே இப்படித்தான். டாக்டருங்க இதுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க. சினிமால அந்தப் பேரு உள்ளவன் கையில கத்தியக் குடுத்துருவாங்க. நான் இதுவரைக்கும் தக்காளிதான் நறுக்கியிருக்கேன்.” சிரிக்க வேண்டிய இடம் என்று நினைவு வந்தவள் போலச் சிரித்தாள். “எல்லாருக்கும் இருக்குற அந்த முள்ளு எப்படித்தான் இருக்கும்னு பாக்க ஆசை. அதுக்குத்தான் இதைச் செஞ்சேன்.”

வடிவுக்கு முதலில் பயம் வந்தது என்பது உண்மை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள்கூட. பிறகு கேட்டாள்: “முள்ளு இல்லன்னா, எது தப்புன்னு எப்படிம்மா தெரியும்?”

“ரோட்டுல சிவப்பு விளக்கு விழுந்தா உங்களுக்குப் பயத்துல கால் தானா நிக்குதுங்க. எனக்கு அந்தப் பயம் கிடையாது. சிவப்புன்னா நிக்கணும்னு முடிவு பண்ணி வெச்சிருக்கேன், நிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முடிவு பண்ணணும். உங்களுக்குச் சும்மா கிடைக்கிறதை நான் உழைச்சு வாங்கணும், அவ்வளவுதான். அவரு அந்த முடிவைப் பண்ணல. அது அவரு பண்ணின தேர்வு. முள்ளு மேல பழி போட முடியாது.”

வடிவு தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினாள்: “சாப்ட்டீங்களாம்மா? புளியோதரை இருக்கு.”

தமயந்தி அவசரமாக விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. “நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்குறீங்க!” என்று வியந்து, டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இதையெல்லாம் வடிவு அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். எடுபடவில்லை. “ஒன் விளக்கு எரியுதுன்னு அவன் விளக்குல குத்தம் சொல்லாத,” என்று முடித்துவிட்டார். அதோடு தமயந்தியிடம் இன்னொரு வேலையும் சொன்னார். வாடிக்கையாளர் பக்கமும் ஒரு கண் வைக்க வேண்டுமாம். விலை பிடித்திருக்கிறதா, பேரம் உண்மையா பாவனையா என்று தெரிந்துவிட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகுமே!

“வேண்டாங்க,” என்றாள் தமயந்தி. “தாங்க மாட்டீங்க.”

“வைம்மா, பாத்துக்கிடலாம்.”

திருநெல்வேலியில் எந்த மனுஷி ஜவுளிக்கடையில் மனசில் இருப்பதைச் சொல்லியிருக்கிறாள்? மறுநாள் காலை கடை திறந்ததும், “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்” என்ற முதல் குரலுக்கே விளக்கு எரிய ஆரம்பித்தது.

அன்றைக்குத்தான் மிதுன் இன்சார்ஜ் ஆனான். வடிவு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழே இறங்க வேண்டும். அவள் தன் கத்தரிக்கோலையும் சாமி படத்தையும் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்யாணக் கூட்டம் மேலே ஏறி வந்து மிதுனின் கவுண்டரில் உட்கார்ந்தது. பெண்ணின் பெயர் நாச்சியார். அவளுடைய அப்பா இசக்கியப்பன், மாப்பிள்ளையின் அம்மா கோமதி, பிறகு பேச்சியம்மாள் அத்தை. இந்த அத்தை இசக்கியப்பனுக்கு மூத்த அக்காள். மேல்வரிசையில் பல் இல்லை, முகமெல்லாம் அம்மைத் தழும்பு, குரல் மட்டும் வெண்கலம்.

முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டுச் செலவு. நிறம் சொல்வது பெண் வீட்டு உரிமை. ஆனால் யாரும் வாய் திறந்து நிறத்தைச் சொல்லிவிட மாட்டார்கள். மாறி மாறி விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை.

“நீங்க எதை எடுத்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்,” என்றாள் கோமதி.

பளிச்.

“ஒங்க இஷ்டம்தான் சம்பந்தியம்மா எங்க இஷ்டம்,” என்றார் இசக்கியப்பன்.

பளிச்.

“நான் சும்மா கூட வந்தேன். வாயே திறக்க மாட்டேன்,” என்றாள் அத்தை. விளக்கு எரிந்த வேகத்தில் லேசாகப் புகை வந்தது.

எல்லாரும் விளக்கையே பார்த்தார்கள். மிதுனுக்கு இது கரும்பு தின்னக் கூலி. “இது பொய்யைக் காட்டுற விளக்கும்மா,” என்று கோமதியிடம் கனிவாகச் சொன்னான். “சார் மனசுல என்னதான் இருக்கோ, பாவம்.” பிறகு இசக்கியப்பன் பக்கம் சாய்ந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, “அவங்க சந்தோஷம்னு சொன்னதும் எரிஞ்சுது சார். உங்களைக் கொஞ்சம் மட்டமா நினைக்கிறாங்களோ என்னவோ. மேல் ரகமா நீங்களே ஒண்ணு எடுத்து வாயை அடைச்சிடலாம்” என்றான்.

“மட்டமா? யாரு யாரை?” கோமதி எழுந்துவிட்டாள். “வேண்டா வெறுப்பா எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்க வேண்டாம்.”

“நான் எப்ப வெறுப்புன்னு சொன்னேன்? நீங்கதான்…” என்று இசக்கியப்பனும் எழுந்தார். நடுவில் உட்கார்ந்திருந்த நாச்சியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் ரெண்டு வார்த்தை கூடினால் கல்யாணம் படியிறங்கிப் போய்விடும்.

வடிவால் பொறுக்க முடியவில்லை. பையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

“மதினி, செத்த உக்காருங்க. எனக்கு இன்னிக்கு இந்த செக்‌ஷன்ல கடைசி நாள். கீழ போகச் சொல்லிட்டாங்க. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.”

பளிச்!

கோமதி திகைத்துப் போய் உட்கார்ந்தாள்.

“பாத்தீங்களா? எனக்கு அழுகையாத்தான் வருது. நல்ல காரியத்துக்கு வந்தவங்க முன்னாடி எதுக்கு என் புலம்பல்னுதான் இல்லன்னேன். இந்த விளக்கு பொய்யக் காட்டல மதினி. அடுத்தவங்க மனசு நொந்துருமோன்னு உள்ளார ஒண்ணு பதறுதுல்லா, அதைக் காட்டுது. நீங்க சொன்னப்ப ஒங்க சம்பந்திக்காக எரிஞ்சுது. இவரு சொன்னப்ப ஒங்களுக்காக எரிஞ்சுது. அக்கறை இல்லன்னா எரியவே செய்யாது.”

“நல்லாக் கதை சொல்றாங்க அக்கா,” என்று சிரித்தான் மிதுன்.

வாயே திறக்க மாட்டேன் என்ற பேச்சியம்மாள் அத்தை இப்போது வாயைத் திறந்தாள். “இரு, இரு. கதையா நிசமான்னு இப்பத் தெரிஞ்சுரும்.” முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முகத்தை மிதுனுக்கு நேராக நீட்டினாள். “தம்பி, என்னை நல்லாப் பாரு. நான் அழகா இருக்கேனா?”

மிதுன் இமைக்கவில்லை. “இந்தக் கடைக்குள்ள உங்களை மாதிரி அழகு யாருமே இல்லம்மா.”

விளக்கு இருட்டாகவே இருந்தது.

அத்தை வடிவு பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு.”

“நல்லா… லட்சணமா இருக்கீங்க பெரியம்மா.”

பளிச்சென்று எரிந்த வெளிச்சத்தில் அத்தையின் தழும்பெல்லாம் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. அத்தைதான் முதலில் சிரித்தாள். அந்த வெண்கலச் சிரிப்பு கீழே உள்பாவாடை வரைக்கும் கேட்டது.

“கேட்டுக்கிட்டியா? என் வீட்டுக்காரரு சாகுத வரைக்கும் தினம் இதைத்தான் சொன்னாரு. அப்ப இந்த விளக்கு இருந்திருந்தா வீடே பத்தி எரிஞ்சிருக்கும். அந்தப் பொய்யிலதான்டி நான் நாலு பிள்ளை பெத்தேன். ஆயிரம் பொய் சொல்லித்தான் ஒரு கல்யாணம். ஆனா சொல்லும்போது நெஞ்சு உறுத்தணும்.” மிதுனைச் சுட்டினாள். “இவனுக்கு ஒண்ணு கண்ணு தெரியல, இல்ல நெஞ்சுல ஒண்ணுமில்ல. எந்திரிங்க எல்லாரும். அந்தப் பிள்ளை கவுண்டருக்கு நடங்க.”

வடிவின் கவுண்டரில் அதற்குப் பிறகு நடந்தது கல்யாணத்துக்கு முந்தைய கல்யாணம். “எனக்கு அரக்குன்னா உசுரு, சொன்னா அதிகாரம் பண்ணுதான்னு நினைப்பீங்களேன்னு பாத்தேன்” என்றாள் கோமதி. “எனக்கு மாம்பழ மஞ்சள், கேக்கக் கூச்சமா இருந்துச்சு” என்றார் இசக்கியப்பன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பட்டு ஒன்று மேல் தட்டில் இருந்தது. வடிவு அதை எடுத்து விரித்ததும் ரெண்டு சம்பந்தியும் ஒரே நேரத்தில் “இதேதான்!” என்றார்கள். விளக்கு எரியவில்லை.

“எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றாள் நாச்சியார்.

பளிச்.

“எந்த நிறம்டா ராசாத்தி?” என்று வடிவு கேட்டாள்.

“பச்சை,” என்று முணுமுணுத்தாள் பெண். மாலை வரவேற்புக்கு மயில் பச்சையில் இன்னொன்று கோமதியே எடுத்துக் கொடுத்தாள். அத்தைக்கு ஒன்று, சிரித்ததற்காக இன்னொன்று என்று கணக்கில்லாமல் போயிற்று. வடிவு சந்தோஷத்தில், மடித்த புடவையையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

அத்தையின் வாய் சும்மா இருக்குமா? ரெண்டே வாரத்தில் பேட்டை முதல் பாளையங்கோட்டை வரை செய்தி போய்விட்டது. தை மாதம் வந்தவர்கள் எல்லாரும் வடிவின் விளக்கு எரிவதைப் பார்க்கவென்றே வந்தார்கள். “நான் எப்படி இருக்கேன்?” என்று கேட்டு, பளிச்சென்றதும் கைதட்டிச் சிரித்தார்கள். அந்த டீச்சரும் வந்தார். “எரிஞ்சாலும் பரவால்ல, கொடி மாதிரின்னு இன்னொரு தடவை சொல்லும்மா” என்று கேட்டு வாங்கிக்கொண்டு, ரெண்டு பட்டு எடுத்தார். பொய் பேசாத கடை என்ற போர்டை அண்ணாச்சி சத்தமில்லாமல் இறக்கினார். வடிவு இன்சார்ஜ் ஆனாள்.

மிதுனை என்ன செய்வது என்று வடிவு போனில் தமயந்தியைக் கேட்டாள். “வேலையை விட்டு அனுப்பினா வேற கடையில போய் இதையே பண்ணுவாரு,” என்றாள் தமயந்தி. “யாரையும் கூனிக் குறுக வைக்க முடியாத இடத்துல போடுங்க.” உள்பாவாடையைக் காட்டி யாரை அவமானப்படுத்த முடியும்? வெள்ளையா கறுப்பா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மிதுன் கீழே இறங்கினான். முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. வேலையும் ஒழுங்காகத்தான் செய்தான்.

பங்குனி பிறந்ததும் அண்ணாச்சி வடிவைக் கீழே வரச்சொன்னார். அவர் முகம் முழுக்கப் பூரிப்பு. “ஒரு அதிசயத்தைப் பாரு.”

மிதுனின் கவுண்டரில் ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றிருந்தாள். “பாத்துப் போங்கக்கா, படி வழுக்கும். உங்களை நினைச்சாத்தான் எனக்குக் கவலை,” என்றான் மிதுன். விளக்கு மஞ்சளாகப் பூத்தது. அந்தப் பெண் நெகிழ்ந்து போய் அவனை வாழ்த்திவிட்டுப் போனாள். அடுத்து வந்தவரிடமும் எரிந்தது. வாக்கியம் முடிகிற இடத்தில், சரியாக ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்துக்கு எரிந்து அணைந்தது. வடிவின் விளக்கு இத்தனை ஒழுங்காக ஒரு நாளும் எரிந்ததில்லை. ஒவ்வொரு முறை எரியும்போதும் மிதுனின் வலது குதிகால் லேசாக அமுங்குவதையும் வடிவு பார்த்தாள்.

அண்ணாச்சியைக் கும்பிட்டுவிட்டு மிதுன் சாப்பிடப் போனான். கவுண்டர் முன்னால் அவர்கள் இருவரும் மட்டும் நின்றார்கள்.

“பாத்தியா வடிவு? பையன் திருந்திட்டான்! உள்ளார ஒரு ஈரம் வந்துட்டு. நான் ஒண்ணு நினைக்கேன். அவனை மறுபடி மேல கொண்டாந்து, ஒன் இடத்துலயே வச்சுருவோம். நீ கொஞ்ச நாள் இங்க பாத்துக்கிடு. சின்னப் பையன், வளரட்டும். நீ என்ன சொல்லுத?”

வடிவுக்கு அந்தக் குதிகால்தான் கண்ணில் நின்றது. சொல்லிவிடலாம். ஆனால் தன் வாயால் ஒருவன் சோற்றில் மண்ணள்ளிப் போடுவதா? அதுவும் முதலாளி இத்தனை சந்தோஷமாக நிற்கும்போது? பழகிய நாக்கு தானாகவே முந்திக்கொண்டது.

“ஒங்க இஷ்டம்தான் அண்ணாச்சி.”

கவுண்டருக்குப் பின்னால் குதிகாலை அமுக்க யாரும் இல்லை. அங்கே இருந்த விளக்கு, கீழ்த்தளம் முழுவதும் மஞ்சளாகும்படி எரிந்தது.

அண்ணாச்சி விளக்கைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். அவள் அவசரமாகப் பார்வையைத் திருப்பினாள். அந்தப் பார்வை கவுண்டரின் அடிப்பக்கம் போய்விட்டுத்தான் திரும்பியது. முன்பென்றால், ‘என்னட்ட பொய்யா சொல்லுத?’ என்று சத்தம் போட்டிருப்பார். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ஏ வடிவு, அந்த டார்ச் லைட்டை எடு” என்று சொல்லியபடியே கவுண்டருக்கு அடியில் குனிந்தார்.